தமிழ் தெரிந்த கைடு

கைடு என்று சொல்லிவிட்டேன். நண்பர் என்று சொல்லியிருக்கலாம். நண்பர் என்ற சொல்லில் யாருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது, ஆண்கள் கூட்டம் கூட்டமாகத் தாய்லாந்துக்கு வந்து போகிறார்கள், போன வருடம் எங்கள் தெருவிலிருந்தே ஒரு வாலிபால் டீம் முழுதாக வந்து ஆளுக்கொரு யானை போட்ட சட்டையோடு திரும்பியது, அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மருந்துக் கம்பெனிக்காரர் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு டாக்டர் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லியிருக்கலாம், கிளீட்டஸ், அவ்வளவுதான், ஒரு மனிதனுக்கு ஒரு பெயர் போதாதா. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது கைடு. யோசித்துச் சொன்ன பொய் என்றாலாவது பரவாயில்லை, பயந்துபோய் எதையோ தேடினேன், கையில் கிடைத்தது இது என்று சொல்லிக்கொள்ளலாம். இது தேடாமலே வந்தது. தேடாமல் வந்தது என்றால் ஏற்கெனவே எனக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது, அவனை எனக்குக் கீழே ஓரிடத்தில் நான் முன்பே உட்காரவைத்திருக்கிறேன். படகு ஒரு அலையில் ஏறி இறங்குகிறது, மோட்டார் சத்தம் காதை அடைக்கிறது, அவன் படகின் முன்மூக்கில், அணியம் என்பான் அவன், மஞ்சளும் பச்சையுமாகத் துணி சுற்றிய கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறான். மடியில் கோகிலா அக்காவின் பை. தண்ணீர் தெறிக்கும்போதெல்லாம் பையின் மேல் கவிழ்ந்துகொள்கிறான். முதுகு நனைகிறது, பை நனையவில்லை. நான் சொன்ன ஒரு சொல்லுக்கு அவன் காலையிலிருந்து வேலை செய்துகொண்டிருக்கிறான்.

காலையில் கரையில் படகுகள் கட்டியிருந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் படகுக்காரர் வருவதற்காக நின்றிருந்தோம். வெயில் அப்போதே ஏறிவிட்டது. கிளீட்டஸ் வெயில் கிரீமை உள்ளங்கையில் பிதுக்கி என் பிடரியில் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் குளச்சலில் கடலோரத்தில் பிறந்தவன், வெயில் அவனை ஒன்றும் செய்யாது, எனக்குத்தான் வந்த அன்றே பிடரி சிவந்து தோல் உரிய ஆரம்பித்திருந்தது. “அசையாத நில்லு, காதுக்குப் பின்னால விட்டுப்போச்சு” என்றான். அவன் விரல் என் காது மடலுக்குப் பின்னால் இருந்தபோது “டாக்டர்!” என்று ஒரு குரல் கேட்டது. எல்லாப் பாஷையிலும் டாக்டர் டாக்டர்தான், ஆனால் அந்த ‘டா’வில் எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையம் இருந்தது. யார் என்று திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே என் தோள் அவன் கையை உதறிவிட்டது. கைடு என்று சொன்னதைவிட அதுதான் என்னை இப்போது அதிகமாக அறுக்கிறது, சொல்லுக்கு முந்தி தோள். மஞ்சள் மண்டி ஈஸ்வரமூர்த்தி பூப்போட்ட சட்டையும் முழங்கால் வரை மடித்த பேண்ட்டுமாக மணலில் கால் புதையப் புதைய வந்தார், பின்னால் சுடிதாரும் வெள்ளை ஷூவுமாக அவர் மனைவி கோகிலா அக்கா. “பாத்தயா கோகிலா, நான் அப்பவே சொன்னேன், நம்ம டாக்டராட்டமே இருக்குதுன்னு!” கல்யாணத்துக்கு வெள்ளிவிழாவாம், மருமகன் டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறாராம். “நீங்க தனியாவா வந்தீங்க டாக்டர்?” என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கோகிலா அக்காவின் கண் எனக்குப் பின்னால் போயிற்று. “இவரு யாருங்?” “கைடுங்க்கா. தமிழ் தெரிஞ்ச கைடு.” கிளீட்டஸ் என்னைப் பார்த்தான். நான் சிரித்துவிடுவேன், சும்மா சொன்னேன் என்பேன் என்று காத்திருந்தான் போலிருக்கிறது. நான் சிரிக்கவில்லை. கையில் மிச்சமிருந்த கிரீமை என்ன செய்வதென்று தெரியாமல் தன் முழங்கையில் தேய்த்துக்கொண்டான். “அட, இங்க தமிழ் கைடெல்லாம் கெடைக்கறாங்களா, நாங்க வந்ததுலருந்து ஊமை பாஷை பேசீட்டு அலையறோம்” என்றார் அக்கா. “இஞ்ச கொஞ்சம் பேர் இருக்கோம் அம்மா” என்றான் அவன். அந்த ‘இஞ்ச’வைக் கேட்டதும் ஈஸ்வரமூர்த்தி “சிலோனுங்களா?” என்றார். குளச்சல் தமிழ் கோபிக்காரர் காதுக்குச் சிலோன். அவன் மறுபடி என்னைப் பார்க்கவில்லை. “ஓம்” என்றான். குளச்சலில் யாரும் ஓம் என்று சொல்வதில்லை, சிலோன்காரர்கள் ஆமாம் என்பதற்குச் சொல்வதை எங்கேயோ கேட்டிருந்து எடுத்துப் போட்டான், குனிந்து அக்காவின் பையை வாங்கித் தோளில் மாட்டினான். எங்களுக்கு இங்கிலீசு வராது, நாங்களும் உங்க படகுலயே வந்துக்கறமே என்று ஈஸ்வரமூர்த்தி கேட்டபோது நான் வாங்க வாங்க என்றேன். என்ன சந்தோஷமான குரலில் சொன்னேன்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் வேறு ஆளாக இருந்தேன், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹோட்டலில் சாவி கொடுத்த பெண் ஒரே கட்டில்தான், பெரியது, சரிதானே என்று கேட்டாள். நான் உடனே நாங்கள் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், கடைசி நேரத்தில் பதிவு செய்தோம், வேறு அறை கிடைக்கவில்லை என்றெல்லாம் ஆரம்பித்தேன். அவள் அதற்குள் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள். கிளீட்டஸ் சிரித்துச் சிரித்து லிஃப்டின் சுவரில் சாய்ந்துவிட்டான், “எனக்க சித்தப்பா மகனே, பெட்டிய எடு” என்றான். காலைச் சாப்பாட்டில் பக்கத்து மேஜையில் இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள், ஒருவருக்குக் கை நடுங்குகிறது, மற்றவர் பப்பாளியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி அவர் தட்டில் தள்ளிவிட்டுத் தன் பேப்பரைப் படிக்கிறார். நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசிங்கம் பார்ப்பதுபோல ஓரக்கண்ணால்தான் பார்த்தேன், ஆனால் அசிங்கமாக ஒன்றுமில்லை, பப்பாளிதான். சாயங்காலம் கடைவீதியில் கைகோத்து நடந்தோம். நாலு வருடத்தில் முதல் தடவையாக ரோட்டில். தேங்காய் ஐஸ்கிரீமும் சுட்ட கணவாயும் மணக்கிற அந்த நெரிசலில் அவன் கை சூடாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தது, ஒவ்வொரு ஸ்கூட்டர் விளக்கு மேலே விழும்போதும் என் விரல் தானாகத் தளர்ந்தது, அவன் மறுபடி மறுபடி இறுக்கினான். “இஞ்ச ஆருக்கு உன்னைத் தெரியும்?” என்று கேட்டான். யாருக்கும் தெரியாது என்பதுதான் எனக்கு அவ்வளவு ஆனந்தமாக இருந்தது. யாருக்கும் தெரியாத ஊரில் மட்டும் அன்பாக இருக்கிறவனுக்கு என்ன பெயர்? அம்மாவிடம் பாங்காக்கில் பல் டாக்டர்கள் கான்பரன்ஸ் என்று சொல்லியிருக்கிறேன். கான்பரன்ஸில் போட்டுக்கொள் என்று அம்மா நாலு முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள். நேற்று பெட்டியைத் திறந்து அவற்றைக் கொஞ்சம் கசக்கி வைத்தேன், காலரில் மடிப்பு விழும்படி அழுத்தி வைத்தேன், கிளீட்டஸ் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரையும் கசக்கிக்கொண்டிருக்கிறேன்.

தீவில் அவன் நல்ல கைடாக இருந்தான். அதுதான் தாங்க முடியவில்லை. கோயமுத்தூரில் ஒரு காலேஜில் அவன் பி.டி. மாஸ்டர், விசில் ஊதினால் மைதானமே நிற்கும். அந்த மனிதன் கையைக் கட்டிக்கொண்டு, இந்தப் பாறையெல்லாம் மழையில கரைஞ்சு கரைஞ்சு இப்பிடி ஆனது சார், அந்தக் குகைக்குள்ள நம்ம குலசாமி மாதிரி ஒரு அம்மனை வெச்சுக் கும்பிடுதாங்க என்று ஈஸ்வரமூர்த்திக்குக் கைகாட்டிச் சொன்னான். கடலைப் பற்றிச் சொன்னதெல்லாம் நிஜம், மற்றதெல்லாம் காலையில் ஹோட்டலில் இருந்த விளம்பரத் தாளில் படித்ததும் சொந்தமாகச் சேர்த்ததும். கோகிலா அக்கா கடலில் இறங்கப் பயந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றார். “அலை வரும்போ நேரா நிக்கப்படாது அம்மா, இப்பிடிச் சரிஞ்சு நில்லுங்கோ, அது பாட்டுக்குப் போகும்” என்று தள்ளி நின்றே சொல்லிக்கொடுத்தான், கையைப் பிடிக்கவில்லை, கைடு கையைப் பிடிக்க மாட்டான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அக்கா சின்னப் பிள்ளைபோல் கத்திச் சிரித்தார். “இந்த மனுசங்கூட இத்தன வருசம் குடும்பம் பண்ணி ஒருநா கடல்ல எறங்குனதில்லீங் தம்பி!” எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது, பாருங்கள் என் ஆள் எப்படிப்பட்டவன் என்று, அடுத்த கணமே அந்தப் பெருமைக்கு எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று தோன்றியது. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது, விரலளவு மீன்கள் காலைச் சுற்றி ஓடின. இப்படி ஒரு தண்ணீரைப் பார்க்கத்தான் அவன் வந்தான். எங்கள் கடல் பச்சைக் கறுப்பு, பூபதி, அடி தெரியாது, அடி தெரியுற கடல்ல ஒரு நாள் முழுக்கக் கிடக்கணும் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறான். அவன் முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை. எங்கள் மூன்று பேரின் செருப்பு, போன், துண்டுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்திருந்தான்.

மத்தியானம் மரநிழலில் அக்கா டப்பாக்களைத் திறந்தார். இங்கே வாயில் வைக்க ஒன்றுமில்லை என்று ஹோட்டல் அறையிலேயே குட்டிக் குக்கர் வைத்துச் செய்த தக்காளி சாதம். காகிதத் தட்டில் எனக்கு, தட்டில் ஈஸ்வரமூர்த்திக்கு, தட்டில் தனக்கு. “தம்பி, நீங்க சிலோன்ல என்ன ஆளுங்க?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். கிளீட்டஸ் “கடல்காரங்க அம்மா” என்றான். “ஓ” என்றார். அப்புறம் டப்பாவின் மூடியைத் திருப்பிப் போட்டு அதில் சாதம் வைத்து, கொஞ்சம் தள்ளி மணலில் நீட்டினார். பையில் இன்னும் தட்டுகள் இருந்தன. நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். அக்கா கெட்டவர் இல்லை, இரண்டு தடவை கேட்டுக் கேட்டுப் போட்டார், நல்லாச் சாப்பிடு தம்பி, காலைல இருந்து அலையற என்றார், அவன் சித்தி வயது இருக்கும், அந்தக் கனிவும் நிஜம்தான், அந்த மூடியும் நிஜம்தான். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். என் தட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு மூடியை நான் வாங்கியிருக்கலாம், அதற்கு ஒரு சொல்கூட வேண்டாம். நான் தக்காளி சாதம் பிரமாதம்க்கா என்றேன். அவன் சாப்பிட்டு முடித்து மூடியைக் கடல்தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தான், பிறகு என் பக்கம் ஒரு பாட்டிலை நீட்டி “சார், தண்ணி” என்றான். நான் வாங்கிக் குடித்தேன்.

அவன் மட்டும் என்ன, அவனும் ஒருமுறை பொய் சொல்லவில்லையா என்று இப்போது என் மனசு கணக்குப் பார்க்கப் போகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் குளச்சலுக்கு என்னைக் கூட்டிப்போனான். அவன் அம்மாவிடம் இது டாக்டர், பல் டாக்டர், எனக்குத் தெரிஞ்சவர், நம்ம ஆளுகளுக்குப் பல்லு பாக்க வந்திருக்கார் என்றான். அதுவும் பொய்தானே, அங்கேயும் நான் யார் என்பது மறைந்துதானே போனது. ஆமாம், ஆனால் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், அதைத் துடைத்துவிட்டுப் போட்டார்கள். சூரை மீன் குழம்பு எனக்கு முதலில் வந்தது. நான் டார்ச் அடித்து ஒவ்வொருவர் வாயையும் பார்த்து வெற்றிலை போடாதீர்கள் என்று புத்தி சொன்னேன். அவன் பொய் என்னை நாற்காலியில் உட்காரவைத்தது. என் பொய் அவனை மணலில் உட்காரவைத்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறாயே, வெட்கமில்லையா. பயம்தான் காரணம், வெட்கமில்லை, பயம், ஏன் என்றால் என் பிழைப்பு அடுத்தவர் வாய்க்குள் இருக்கிறது. ஈஸ்வரமூர்த்தியின் கீழ் இடது கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்திருக்கிறேன், அவர் வாயை அகலத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் கிடந்தபோது அந்தப் பெரிய மண்டிக்காரர் குழந்தைபோல இருந்தார். ஊர் முழுக்க எனக்கு வாயைத் திறந்து காட்டியிருக்கிறது. நான் யார் என்று தெரிந்த பிறகு இந்த விரல்களை வாய்க்குள் விடுவார்களா? இதே விரல்கள்தான், கையுறை போட்டுக்கொண்டுதான் செய்கிறேன், ஆனாலும் ஒவ்வொருவராக வேறு டாக்டரைத் தேடிப் போவார்கள், சண்டை போட மாட்டார்கள், சும்மா வராமல் இருப்பார்கள், அம்மா கோயிலுக்குப் போகும்போது பேச்சு நிற்கும். இதெல்லாம் அந்த ஒரு கணத்தில் தோளுக்குத் தெரிந்திருக்கிறது. தோளைக் குறை சொல்லி என்ன. இல்லை, தோளைத்தான் குறை சொல்ல வேண்டும், தோள் என்னுடையது.

“ஏனுங் டாக்டர்!” மோட்டார் சத்தத்துக்கு மேலே கோகிலா அக்கா கத்துகிறார். “எங்கக்கா பொண்ணு ஒண்ணு பெருந்துறைல இருக்குதுன்னு சொன்னனே, பல் டாக்டருக்குத்தான் படிச்சிருக்குது, ஊருக்குப் போனதும் ஒருக்கா வந்து பாருங்க!” நான் தலையை ஆட்டுகிறேன், எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. “உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன். அவங்களுக்கும் வயசாகுதில்லீங்களா!” உப்புத் தண்ணீர் என் முகத்தில் அடிக்கிறது, துடைத்துக்கொள்ளாமல் இருக்கிறேன், முகத்தில் ஏதோ ஒன்று இருப்பது நல்லதுதான். அக்கா முன்பக்கம் திரும்பி, “நீங்களே சொல்லுங்க தம்பி, டாக்டருக்கு இன்னும் கல்யாணம் பண்ற வயசு வல்லியா?” என்று கேட்கிறார். கிளீட்டஸ் பாதி திரும்புகிறான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறான், அதனால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “பண்ணணும் அம்மா” என்று சத்தமாகச் சொல்கிறான். “ஒத்தைல கிடந்தா மனுசன் கெட்டுப்போவான்.” ஈஸ்வரமூர்த்தி தொடையைத் தட்டிச் சிரிக்கிறார், கைடுகூடச் சொல்லிட்டாரு பாருங்க என்கிறார். அவன் கேலியாகச் சொன்னானா, கோபமாகச் சொன்னானா, அல்லது மெய்யாகவே என்னை அனுப்பிவைக்கிறானா? நாலு வருடமாக அவன் குரலின் ஒவ்வொரு மடிப்பும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இந்தக் குரலை நான் கேட்டதில்லை. இது அடுத்தவர்களுக்காக வைத்திருக்கிற குரல். நான் அடுத்தவர்களில் ஒருவனாகிவிட்டேன்.

படகு கரை தட்டுகிறது. படகுக்காரர் மோட்டாரை நிறுத்தியதும் காதுக்குள் ஒரு பெரிய வெறுமை. கிளீட்டஸ் முதலில் குதித்து, பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அக்கா இறங்க ஒரு கையை நீட்டுகிறான், அக்கா இந்த முறை அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். ஈஸ்வரமூர்த்தி ஒரு போட்டோ எடுத்தாத்தான் ஆகும், மருமகனுக்கு அனுப்போணும் என்று போனை அவனிடம் கொடுக்கிறார். நாங்கள் மூன்று பேரும் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறோம், நான் நடுவில், ஒரு தோளில் ஈஸ்வரமூர்த்தியின் கனத்த கை. எதிரே தோளில் அக்காவின் பையோடு கிளீட்டஸ் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். போனுக்கு மேலே அவன் நெற்றி மட்டும் தெரிகிறது, அதில் உப்புப் பூத்திருக்கிறது. “சார், கொஞ்சம் சிரியுங்கோ” என்கிறான். ஈஸ்வரமூர்த்தியின் கை என் தோளில் இருக்கிறது, அந்தக் கையை என் தோள் உதறவில்லை. இப்படி ஒரு படம் ஊருக்குப் போகும், அம்மா பார்ப்பாள், அதில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன், எடுத்தவன் படத்தில் இருக்க மாட்டான். வாய் திறந்தது. இதுவும் யோசித்து வரவில்லை. “அவரு கைடு இல்லீங்க்கா.” அக்கா சிரித்த முகத்தோடே, “என்னங்?” என்கிறார். “அவரு கைடு இல்லைங்க. சிலோனும் இல்ல. என்கூட வந்தவரு. நான்தான் பொய் சொன்னேன்.” ஈஸ்வரமூர்த்தியின் கை இன்னும் தோளில்தான் இருக்கிறது. அவர் நல்ல மனிதர், உடனே ஒரு கதவைத் திறந்துவிடுகிறார். “அட, கூடப் படிச்சவருங்களா? அதைச் சொல்றதுக்கென்னுங் டாக்டர், பாவம் அவரைப் போயி பையைத் தூக்க விட்டுட்டமே!” கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் சிரித்துவிடலாம், மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், நாலு பேருமாக ஒரு படம் எடுக்கலாம், கிளீட்டஸுக்கே அது போதுமாக இருக்கலாம். அவன் போனை இறக்கிவிட்டான். என்னைப் பார்க்கிறான். காலையில் பார்த்த மாதிரி இல்லை, எதற்கும் காத்திருக்கவில்லை, சும்மா பார்க்கிறான். “இல்லீங்க” என்கிறேன். “கூடப் படிச்சவர் இல்ல. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கறோம். புருசன் பொண்டாட்டி இருக்கற மாதிரி. நாலு வருசமா.” என் குரல் பல் பிடுங்கப்போகிறவனிடம் கொஞ்சம் வலிக்கும் என்று சொல்கிற குரலாக இருக்கிறது. தோளிலிருந்து கை மெல்ல எடுபடுகிறது, உதறவில்லை, எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதிலும் ஒரு நாகரிகம் இருந்தது.

ஒரு பெண் சுட்ட சோளத்தைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு எங்களுக்கு நடுவிலேயே போனாள். கோகிலா அக்கா கிளீட்டஸிடம் போய், “பையைக் குடுங்க” என்றார். அவன் கழற்றிக் கொடுத்தான். இவ்வளவு நேரம் தம்பி தம்பி என்றவர் இப்போது அதைச் சொல்லவில்லை. இனிமேல் இவரைத் தூக்கவைக்கக் கூடாது என்று வாங்கினாரா, இவன் கை இனிமேல் இதில் படக்கூடாது என்று வாங்கினாரா? அவர் முகம் சிவந்திருந்தது, வெயிலாகவும் இருக்கலாம். ஈஸ்வரமூர்த்தி கடலைப் பார்த்து, “அடுத்த வாரம் அந்தப் பல்லுக்கு வரச் சொல்லியிருந்தீங்க” என்றார். “ஆமாங்க.” “பாக்கறனுங்.” இரண்டு பேரும் மணலில் நடந்து போனார்கள், அக்கா மட்டும் ஒருமுறை நின்று ஷூவில் இருந்த மணலைத் தட்டினார். நான் கிளீட்டஸ் பக்கம் திரும்பினேன். ஏதோ கிடைத்துவிடும் என்று ஒரு நப்பாசை எனக்குள் இருந்தது, சொல்லிவிட்டேன் பார், இப்போது என்னை விட்டுவிடு என்று. “ஏன் சொன்ன?” என்றான். “சொல்லணும்னு தோணுச்சு.” “காலையில தோணல்லியே.” “இல்ல.” அவன் மணலைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். “நீ சொன்னது போகட்டும், பூபதி. எனக்கு எவ்வளவு சுளுவா வந்துது பாத்தியா? சார், அம்மா, பையைக் குடுங்கோ. பொறந்ததுல இருந்து பழகின மாதிரி. காலேஜில நான் ஆரு, இஞ்ச நான் ஆரு. அந்த மூடியில சோறு வந்தப்போகூட எனக்குக் கை நீண்டுது. அதைத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன் படகில.” நான் மன்னிச்சிடு என்று ஆரம்பித்தேன். “இப்போ வேண்டாம்” என்றான். சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான், கோபமாகக்கூட இல்லை, கொடுக்க வேறு ஆள் இல்லாததால் கொடுத்தான், நேராகத் தண்ணீருக்குள் நடந்து, இடுப்பளவு வந்ததும் பாய்ந்து நீந்தத் தொடங்கினான்.

அவனுடைய ஈரச் சட்டையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அவன் தலை சின்னதாகிக்கொண்டே போயிற்று. எனக்கு நீச்சல் தெரியாது. மனசு லேசாகும் என்று யாரெல்லாம் சொல்கிறார்கள், உண்மையைச் சொன்னால் லேசாகுமாம், எனக்கு ஒன்றும் லேசாகவில்லை, காலையில் ஒருவனுக்குச் செய்த துரோகம் அப்படியே இருந்தது, அதன் மேல் இப்போது ஊரில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்குச் செய்தது ஏறிக்கொண்டது, நான் அவளிடம் சொல்லாமல் மஞ்சள் மண்டிக்காரரிடம் முதலில் சொல்லியிருக்கிறேன். அப்போது பேண்ட் பையில் போன் அதிர்ந்தது. அம்மா. எடுக்காமல் விடலாம். கான்பரன்ஸில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று செய்தி அனுப்பலாம். எடுத்தேன். “எங்கடா இருக்கற?” “கடல்கிட்டம்மா.” “கான்பரன்ஸு கடல்கிட்டயா நடத்தறாங்க?” சட்டையை மறு கைக்கு மாற்றினேன். “கோகிலா இப்பத்தான் கூப்பிட்டா. உன்னைப் பாத்தாளாமா. என்ன சாமி, பையன் நல்லாருக்கறானான்னு நான் கேட்டா, நல்லாருக்கறாரு, உங்க பையனையே கேட்டுக்குங்கக்கான்னு சொல்லீட்டு வெச்சுட்டா. கொரலு ஒரு மாதிரி இருந்துது. என்னடா ஆச்சு?” தூரத்தில் அவன் தலை நின்றது. திரும்பியிருக்கிறானா, இன்னும் போகிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை, தண்ணீரின் மேல் வெயில் கண்ணைக் கூசவைத்தது. நாக்கு நுனியில் மூன்று நாலு பொய்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் நல்ல பொய், அம்மா நம்பிவிடுவாள், நம்ப ஆசைப்படுவாள். சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். “அம்மா, உக்காரு. ஒண்ணு சொல்லணும்.”

“உக்காந்துதாண்டா இருக்கறேன்” என்றாள் அம்மா. “சொல்லு.”